கச்சான் என்றால் காற்று

1

இந்தக் கோடையில் எனக்கு ஒரு பட்டப்பெயர் கிடைத்திருக்கிறது: கடலைக் கவிஞர். கொறிக்கிற கடலைதான். கடையில் பாண் தருகிற பெண், தபால் கொண்டுவருகிறவர், வேலையில் என் பக்கத்து மேசைக்காரன் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அன்பாகத்தான் கூப்பிடுகிறார்கள். பகிடிக்கென்று கூப்பிட்டிருந்தால் திருப்பி நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அன்பாகக் கூப்பிடுகிறவர்களிடம் என்ன கேட்பது?

ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு முதலில் இருந்தே சொன்னால்தான் விளங்கும். நான் இலங்கையின் மேற்குக் கரையில், உடப்பில் பிறந்தவன். இருபத்துமூன்று வருடமாக நோர்வேயின் வடகோடியில், ஒரு மீன் தொழிற்சாலையை நம்பிக் கிடக்கிற சின்ன ஊரில் இருக்கிறேன். குளிர்க்கடல் மீனைத் தோலுரித்து முள்ளெடுக்கிற வேலை. மனைவி ராணியும் உடப்புதான். இங்கே முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். ஒரே மகள் மதுரா. பதினேழு வயது. இங்கேயே பிறந்து வளர்ந்தவள்.

இங்கே கோடை ஏழெட்டுக் கிழமைதான், இரண்டு மாதம்கூட இல்லை. ஜூன் நடுப்பகுதி வரை வீட்டுப் பின்புறத்தில் அழுக்குப் பிடித்த பனி குவிந்து கிடக்கும். பிறகு ஒரு காலையில் எழும்பிப் பார்த்தால் புல் பச்சையாக நிற்கும். முதலில் மஞ்சள் பூ. அடுத்தது சதுப்பு நிலம் முழுக்கப் பஞ்சுபோல ஒரு வெள்ளைப் பூ. கடைசியாகத் தெருவோரத்தில் ஆள் உயரத்துக்கு ஊதாப் பூ. அந்த ஊதாப் பூ அடியிலிருந்து நுனியை நோக்கிப் பூத்துக்கொண்டு போகும். நுனி மொட்டு விரிந்தால் கோடை முடிந்தது என்பார்கள். ஓகஸ்ட் பிறந்ததும் வேலைக்குப் போகிற வழியில் நின்று, நோயாளியின் முகத்தைப் பார்க்கிற மாதிரி அந்தப் பூவைப் பார்த்துவிட்டுப் போகிறவர்களை நான் கண்டிருக்கிறேன்.

இவ்வளவு அவசரமாக வந்து போகிற ஒன்றைப் பற்றி யார்தான் எழுதாமல் இருப்பார்கள்? பள்ளிக்கூடப் பிள்ளையும் எழுதுகிறது, பாதிரியாரும் எழுதுகிறார். ஜூலை மாதப் பத்திரிகையில் பக்கத்துக்குப் பக்கம் பூவும் வெளிச்சமும் பறவையும்தான். அவற்றை வாசிக்கிறபோதெல்லாம் எனக்குக் கடுப்பு வரும். பொறாமை என்றும் சொல்லலாம். வெயிலை விருந்தாளியாக நினைக்கக் கொடுத்துவைத்தவர்கள்.

2

இந்த வருடம் மதுராவுக்கு விடுமுறை வேலை எங்கள் ஊர் நகரசபையில் கிடைத்தது. கலாசாரப் பிரிவு. கடற்கரை நடைபாதையில் கவிதைப் பலகைகள் நடுவது அவர்களுடைய திட்டம். ஊரில் பேசப்படுகிற ஒவ்வொரு மொழியிலும் ஒரு கோடைக் கவிதை, அதற்குக் கீழே நோர்வேஜிய மொழிபெயர்ப்பு. தமிழை மொழிபெயர்ப்பது மதுராவின் பொறுப்பு.

ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் மதுரா கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள். அப்படி வைத்தால் ஏதோ முக்கியமான விஷயம்.

“அப்பா, நீங்கள் முந்திக் கவிதை எழுதினீங்கள் எண்டு அம்மா சொன்னவ. எங்கட பலகைக்கு ஒண்டு எழுதித் தருவீங்களா?”

இங்குள்ள தமிழ்ப் பள்ளியை நடத்துகிறவர்கள் யாழ்ப்பாணத்து ஆட்கள். அதனால் மகள் பேசுவது அவர்களுடைய தமிழ். நானும் ராணியும் பேசுகிற உடப்புப் பேச்சு அவள் வாயில் வரவே இல்லை. அது எனக்கு ஒரு குறை. அன்றைக்கு அந்தக் குறைகூடத் தெரியவில்லை. காரில் ஏற்றி இறக்கச் சொல்வதைத் தவிர அவள் என்னிடம் ஏதாவது கேட்டுப் பல காலம்.

“என்ன பத்தி எழுதணும்?”

“கோடை. வடிவான கோடை. எட்டு வரிக்கு மேல போகக் கூடாது.”

கூடவே ஒரு படிவமும் தந்தாள். நாலு பக்கம். கவிதை இயற்கையைப் பற்றியதா? ஆம், இல்லை. யாரையாவது புண்படுத்துமா? ஆம், இல்லை. கவிதை எழுதியவருக்கே சொந்தமா? இந்த நாட்டில் தங்குவதற்கு விண்ணப்பித்தபோது நிரப்பிய படிவம்கூட இவ்வளவு யோசிக்க வைக்கவில்லை.

மூன்று நாள் எழுதி எழுதிக் கிழித்தேன். உடப்பில் எதைக் கோடை என்பது? நாங்கள் பருவத்தைக் காற்றின் பெயரால்தான் சொல்வோம். வைகாசியில் மேற்குப் பக்கமிருந்து கச்சான் காற்று எழும்பும். கடல் கலங்கும். அலை கரையை அறையும். வலை வளைக்க முடியாது. உடப்பு ஆண்கள் வலையை லொறியில் ஏற்றிக்கொண்டு முல்லைத்தீவுக் கரைக்குப் போவார்கள். அந்த மாதங்களில் அந்தக் கடல் அமைதி. அங்கே வாடி என்கிற ஓலைக் கொட்டில் அடித்துத் தங்குவார்கள். ஆடியில் அம்மன் கோயில் தீமிதிப்புக்கு வந்து முகம் காட்டிவிட்டு மறுபடி போவார்கள். கச்சான் ஓய்ந்தபிறகுதான் வீடு.

அதுவரைக்கும் வீட்டில் இருக்கிறவர்களுக்குச் சோற்றில் மணல், கண்ணில் மணல். கொடியில் காயப்போட்ட சீலை பறந்துபோய் முள்வேலியில் கிழியும். இதில் எதை வடிவு என்று எழுதுவது?

உயர்தர வகுப்பில் தமிழ் படித்தபோது, வேனில் என்றால் பாலை, பாலை என்றால் பிரிவு என்று சோதனைக்காகப் பாடமாக்கினேன். எங்கள் கரையில் அதைப் புத்தகத்தில் படிக்கத் தேவையே இல்லை. வைகாசி பிறந்தால் எல்லா வீட்டிலும் அதுதான்.

என் வீட்டிலும் அதுதான். எனக்கு நாலு வயதாக இருந்தபோது அப்பா வழக்கம்போலக் கச்சானுக்குப் போனார். நாட்டில் நடந்த சண்டையில் பாதை மூடிவிட்டது. அந்தக் கச்சானும் கழிந்து, அடுத்த கச்சானும் கழிந்துதான் வந்தார். தாடியோடு, மெலிந்து, வாசலில் நின்றார். நான் அக்காவின் பாவாடைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, “அக்கா, யாரோ ஒரு மாமா வந்திருக்காரு” என்றேன்.

இதை நான் ராணியிடம்கூடச் சொன்னதில்லை. நாலாம் நாள் நாலு வரியில் எழுதினேன்.

கச்சான் வந்தது.
அப்பா போனார்.
கச்சான் போனது.
வாசலில் நிற்கிறவர் யார்?

மதுரா எழுத்துக்கூட்டி வாசித்தாள். “சின்னன். ஆனா வடிவா இருக்கு” என்று மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். யார் அப்பா, எங்கே போனார் என்று கேட்பாள், சொல்லலாம் என்று காத்திருந்தேன். அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

3

ஜூலை முதல் கிழமையில் பலகைகளை நட்டார்கள். எனக்கு வேலை இருந்தது, பார்க்கப் போகவில்லை. மூன்றாம் நாள், பக்கத்து வீட்டு கெர்ட் அம்மா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கையசைத்தார். எண்பதைத் தாண்டியவர், தனியாக இருக்கிறார். ஒவ்வொரு கோடையிலும், இதுதான் என் கடைசிக் கோடை என்று சொல்லிக்கொண்டே வேலிக்கு வர்ணம் பூசுவார்.

“உன் கவிதையை வாசித்தேன். அருமை. ஒன்று கேட்கலாமா?” என்றார். “உன் அப்பாவுக்குக் கடலை ஒத்துக்கொள்ளாதா? என் பேரனுக்கும் அப்படித்தான். கடலை இருக்கிற வீட்டுக்குள் கால் வைக்கமாட்டான்.”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. இத்தனை வருடத்துக்குப் பிறகும் இந்த மொழியில் ஏதாவது விளங்காவிட்டால் பிழை என்னுடையது என்றுதான் முதலில் நினைப்பேன். சிரித்துத் தலையாட்டிவிட்டு, செருப்பைக்கூட மாற்றாமல் கடற்கரைக்கு நடந்தேன்.

எங்கள் பலகை கப்பல்துறைக்குப் பக்கத்தில் நின்றது. மேலே தமிழ். கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கமாக உடைந்து கிடந்தது. பொறுத்துக்கொண்டேன். கீழே நோர்வேஜிய மொழியில் இருந்ததைத் தமிழில் சொன்னால் இப்படித்தான் வரும்:

கடலை வந்தது.
அப்பா போனார்.
கடலை தீர்ந்தது.
வாசலில் நிற்கிறவர் யார்?

ஓரத்தில் ஒரு படம். தோல் உடைத்த கடலை, உள்ளே இரண்டு பருப்பு.

வெளியூரில் இருந்து வந்த இரண்டு பேர் அதைப் படம் எடுத்தார்கள். ஒருத்தி சத்தமாக வாசித்தாள், மற்றவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவர்கள் மீது என்ன பிழை? நானும் சிரித்திருப்பேன், அது என் அப்பாவாக இல்லாவிட்டால்.

4

அடுத்த நாள் அரைநாள் லீவு போட்டுவிட்டு நகரசபைக்குப் போனேன். ஜூலையில் நோர்வே முழுவதும் விடுமுறை என்பதை மறந்துபோனேன். தச்சன் இல்லை, பல் வைத்தியர் இல்லை, அதிகாரி இல்லை. வெயில் அடிக்கிற நாட்களில் யாரும் எதற்கும் பொறுப்பில்லை. நகரசபையில் வரிசை இலக்கம் கொடுக்கிற இயந்திரம் மட்டும் வேலை செய்தது. சீட்டைக் கிழித்துக்கொண்டு கதிரையில் இருந்தேன். எனக்கு முன்னால் ஒருவர், பின்னால் இரண்டு பேர். என் இலக்கத்தைக் கூப்பிட்டது மதுரா.

அன்று அந்தக் கட்டடத்தில் இருந்த ஒரே ஆள் அவள்தான். கழுத்தில் அட்டை தொங்கியது. என்னைக் கண்டதும் முகம் ஒரு கணம் மாறியது. பிறகு நோர்வேஜிய மொழியில், “வணக்கம், என்ன உதவி வேண்டும்?” என்றாள்.

“என்னடி செஞ்சு வச்சிருக்க?” என்றேன்.

“அப்பா, ஆக்கள் நிக்கினம். இங்க நோர்ஸ்க் கதையுங்கோ” என்றாள் மெதுவாக. நோர்ஸ்க் என்றால் இந்த நாட்டு மொழி.

சரி என்று நோர்ஸ்க்கில் தொடங்கினேன். கோபம் வந்தால் எனக்குத் தமிழே ஒழுங்காக வராது. நோர்ஸ்க்கில் காற்றுக்கும் வைனுக்கும் இடையில் இருப்பது ஒரு குறில் நெடில் வித்தியாசம் மட்டும்தான். குறிலில் சொல்ல வேண்டியதை நீட்டிவிட்டேன். “அது கடலை இல்லை! வைன்! மேற்கிலிருந்து வருகிற பெரிய வைன்! அதனால்தான் என் அப்பா வீட்டை விட்டுப் போனார்!”

பின்னால் நின்றவர் இருமுவது போலச் சிரித்தார். மதுரா சிரிக்கவில்லை. அவளுக்கு விளங்கிவிட்டது. கன்னம் சிவந்து, காது வரைக்கும் போனது. கணினியில் ஏதோ தட்டினாள். குரல் மட்டும் மாறவில்லை.

“உங்கள் முறைப்பாட்டைப் பதிந்திருக்கிறேன். பலகையில் மாற்றம் செய்யத் திட்டப் பொறுப்பாளர்தான் அனுமதிக்க வேண்டும். அவர் ஓகஸ்டில் திரும்புவார். கடிதம் வரும்.”

“பலகையை எப்போது கழற்றுவீர்கள்?”

“ஓகஸ்டில்தான். கோடை முடியும்போது.”

பதிவு இலக்கம் அச்சடித்த தாளை நீட்டினாள். மகளிடம் இருந்து பற்றுச்சீட்டு வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். நல்ல வெயில். புல்லில் சனம் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கிடந்தது. அவ்வளவு பேரையும் எழுப்பி, கச்சான் என்றால் என்ன தெரியுமா என்று கேட்க வேண்டும்போல இருந்தது.

5

அன்று மாலை வீட்டில் சண்டை.

“ஒரு சொல்லு. ஒரே ஒரு சொல்லு. ஏன் என்னட்டக் கேக்கல்ல?”

“கச்சான் எண்டா கச்சான் தானே? மாமி பார்சலில அனுப்புறது. அதில என்ன கேக்க இருக்கு?”

எங்கள் பேச்சில் கொறிக்கிற கடலைக்கும் கச்சான் என்றுதான் பெயர். காற்றுக்கும் அதே பெயர். அவளுக்குத் தெரிந்தது அக்கா உடப்பில் இருந்து வறுத்து அனுப்புகிற கச்சான் மட்டும்.

“கடலை வந்ததுக்கு அப்பா ஏன் போகணும்? அதைக்கூட யோசிக்கல்லையா?”

“கவிதை தானே. விளங்காமத்தான் இருக்கும் எண்டு நினைச்சன்.”

“அப்ப வந்து கேட்டிருக்கலாமே!”

மதுரா கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள். “உங்களிட்டக் கேட்டா பதில் வராது அப்பா. பாடம் தான் வரும். உனக்குத் தமிழ் வராது, ஊர் தெரியாது, இந்த நாட்டுப் பிள்ளையா மாறிட்டாய் எண்டு ஒரு மணித்தியாலம். ஒரு சொல்லுக்கு.” பிறகு நோர்ஸ்க்கில் ஏதோ வேகமாகச் சொன்னாள். முழுக்க விளங்கவில்லை. விளங்கிய அளவு போதும்.

நான் ராணியைப் பார்த்தேன். அவள் சட்டி கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பாமலே, “அவ சொல்றது பொய்யில்ல” என்றாள்.

அதற்குப் பிறகு ஒரு கிழமை மதுரா என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. ஊதாப் பூ நெஞ்சளவுக்குப் பூத்துவிட்டது. ஊரே ஆற்றங்கரையில் கிடந்தது. நான் வேலை, வீடு, வேலை என்று போய்வந்தேன். இந்த வருடக் கோடையை நான் எங்கே வைத்துப் பார்த்தேன் என்று கேட்டால், தொழிற்சாலைக் கண்ணாடி வழியாக என்றுதான் சொல்ல வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை உடப்புக்கு அக்காவைக் கூப்பிட்டேன். கை வேலையாக இருந்ததால் போனை ஒலிபெருக்கியில் போட்டு மேசையில் வைத்தேன். மதுரா அங்கே சோபாவில் காதில் எதையோ மாட்டிக்கொண்டு கிடந்தாள்.

அக்காவின் குரலுக்கு முன்னால் காற்றின் இரைச்சல் வந்தது. “கொஞ்சம் இருடா, கதவச் சாத்திட்டு வாறன். கச்சான் பிச்சுக்கிட்டு அடிக்குது.” கதவு அடித்த சத்தம். “இப்பச் சொல்லு.”

கடலைக் கதையைச் சொன்னேன். அக்கா மூச்சு முட்டச் சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, “அது சரி, அப்பாவைப் பத்தி என்ன எழுதின?” என்று கேட்டாள். நாலு வரியையும் சொன்னேன். அந்தப் பக்கம் காற்று மட்டும் கேட்டது.

“அக்கா?”

“அண்டைக்கு நடந்ததா எழுதியிருக்க? நீ மாமாண்டு சொன்னியே, அதா?”

“ஓம்.”

“உனக்குத் தெரியாதுடா தம்பி. நீ சின்னப் புள்ள. அவரு அண்டைக்குச் சோறு திங்கல்ல. அம்மா மீன் பொரிச்சு வச்சிருந்தா. அவரு பொரிச்ச மீனுண்டா உசிர விடுவாரு. அப்பிடியே வச்சிட்டுக் கரைக்குப் போயிட்டாரு. நான் போய்க் கூப்பிட்டன். ‘புள்ள பயப்படுறான், கொஞ்சம் பழகட்டும், நான் இங்கயே இருக்கன்’ண்டு சொன்னாரு. ரெண்டு நாள் வீட்டுக்குள்ள படுக்கல்ல. வலை போட்டிருந்த கொட்டில்லதான் படுத்தாரு.”

நாற்பது வருடத்தில் இதை யாரும் எனக்குச் சொன்னதில்லை. நான் கையில் இருந்த வெங்காயத்தைக் கீழே வைத்தேன். திரும்பியபோது மதுரா எழும்பி உட்கார்ந்திருந்தாள். காதில் ஒன்றும் இல்லை.

6

ஓகஸ்டில் கடிதம் வந்தது. மிக மரியாதையான கடிதம். நடந்த தவறுக்கு வருந்துகிறோம். ஆனாலும் எல்லாப் பலகைகளிலும் மக்கள் அதிகம் விரும்பியது உங்களுடையதுதான் என்பதை மகிழ்ச்சியுடன் அறியத்தருகிறோம். வெள்ளிக்கிழமை பலகைகள் கழற்றப்படுவதால் திருத்தம் தேவைப்படாது. இத்துடன் விடயம் முடிவுக்கு வருகிறது. நாலு வரிக் கவிதைக்கு ஒரு பக்கப் பதில். முடிவு: ஒன்றும் இல்லை. ஒரு கோடை முழுவதும் என் அப்பா கடலைக்குப் பயந்து ஓடியவராக நடைபாதையில் நின்றார். திருத்த நேரம் வந்தபோது கோடை இல்லை.

வெள்ளிக்கிழமை நூலகத்தில் கோடைக்கு விடை கொடுக்கிற கூட்டம். கவிதை எழுதியவர்கள் தங்கள் மொழியில் வாசிக்க, மொழிபெயர்த்தவர்கள் நோர்ஸ்க்கில் வாசிக்க வேண்டும். நான் போகமாட்டேன் என்றேன். ராணி சட்டையை மினுக்கி எடுத்து வைத்துவிட்டு, “போங்க. அவ தனியா நிப்பா” என்றாள்.

முப்பது நாற்பது பேர் இருந்தார்கள். பூவும் வெளிச்சமும் பற்றிய கவிதைகள் ஒவ்வொன்றாக வந்தன. என் முறை வந்தபோது யாரோ “கடலை!” என்று குரல் கொடுக்க எல்லோரும் கைதட்டினார்கள். நான் என் நாலு வரியை வாசித்துவிட்டு ஒதுங்கி நின்றேன். மதுரா முன்னால் வந்தாள்.

“பலகையில் இருந்தது பிழை” என்றாள். “பிழை என்னுடையது. ஒரு சொல் எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்பதும் தெரியவில்லை. அப்பாவிடம் கேட்கவும் இல்லை.”

பிறகு கச்சானைப் பற்றிச் சொன்னாள்; எனக்குத் தெரியாமல் அக்காவைக் கூப்பிட்டுக் கேட்டிருக்க வேண்டும். அது வந்தால் எங்கள் கடல் மூடிவிடும், ஆண்கள் எல்லோரும் மறுகரைக்குப் போய்விடுவார்கள் என்றாள். ஒரு தடவை ஒருவர் போய் நெடுங்காலம் வர முடியவில்லை என்றாள். திரும்பி வந்த நாளில் அவருடைய மகன் அவரை மாமா என்று சொன்னதையும், அவர் சாப்பிடாமல் கடற்கரைக்குப் போனதையும் சொன்னாள். அக்கா சொன்ன ஒரு சொல்லையும் அவள் தவறவிட்டிருக்கவில்லை. அதற்குப் பிறகுதான் கவிதையை வாசித்தாள். கச்சானை மொழிபெயர்க்கவில்லை. அப்படியே கச்சான் என்றே வைத்திருந்தாள்.

யாரும் கைதட்டவில்லை. யாரோ கதிரையை இழுக்கிற சத்தம் கேட்டது.

வெளியே வரும்போது கெர்ட் அம்மா வாசலில் நின்று கோட்டுப் பொத்தானோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். நான் போட்டுவிட்டேன்.

“கடலையே நன்றாக இருந்தது” என்றார் என்னைப் பார்க்காமல். “இது எனக்குத் தெரிந்த கதை. என் அப்பா குளிர்காலம் முழுவதும் தெற்கே மீன்பிடிக்கப் போவார். நாங்கள் ஏழு பிள்ளைகள். வந்து நிற்கும்போது எங்கள் பெயர்களை மாற்றி மாற்றிக் கூப்பிடுவார்.” என் கையைத் தட்டிவிட்டுத் தடியை ஊன்றிக்கொண்டு போனார்.

ராணி வேலைக்குப் போயிருந்ததால் நானும் மதுராவும் மட்டும் வீட்டுக்கு நடந்தோம். தூறல். நடைபாதையில் பலகை நின்ற இடங்களில் குழி மட்டும் இருந்தது. அவளுக்கு நன்றி சொல்ல நினைத்தேன். அதை எந்தத் தமிழில் தொடங்கினாலும் அவளுக்குப் பாடமாகத்தான் கேட்கும் என்று வாயை மூடிக்கொண்டு நடந்தேன்.

பாலம் தாண்டியதும் அவளே கேட்டாள்.

“பிறகு எப்ப அவரை அப்பா எண்டு கூப்பிட்டீங்கள்?”

“அடுத்த கச்சானுக்கு. வேற கரைக்குப் போனாரு. லொறில ஏறினாப் பிறகு, பின்னால ஓடிப்போய்க் கூப்பிட்டன்.”

“அவருக்குக் கேட்டதா?”

“தெரியாது. லொறிய எடுத்துட்டாங்க. ஒரே சத்தம்.”

கொஞ்சத் தூரம் நடந்தோம்.

“திரும்பி வந்தாப் பிறகு கேட்டிருக்கலாமே, அப்பா” என்றாள்.

கேட்டிருக்கலாம். அதற்குப் பிறகு அவர் முப்பது வருடம் உயிரோடு இருந்தார்.